டைரீ தீவில் ஓதம் ஏறிய மேற்குச் சுவர்

போன வருடம் மே மாதத்தின் பெரும்பகுதி ஒரே ஒரு சுவரோடு கழிந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்றான டைரீயில், விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் பழைய கல்வீடு அது. அடுப்பும் பாத்திரமும் இருக்கும், சமையல் நம்முடையது. கிளாஸ்கோவிலிருந்து நாங்கள் ஆறு வருடமாகக் கோடைதோறும் அங்கேதான் போகிறோம். ஒவ்வொரு முறையும் மேற்குப் படுக்கையறைக் கதவைத் திறந்தவுடன் நனைந்த கோணியின் வாசனை வரும். மூலையில் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கும்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். இந்த வாடகையும் கொஞ்சம் ஆடுகளும்தான் வருமானம். குளிர்காலம் முழுக்க அந்த மூலையைத் துடைப்பார், பெயின்ட் அடிப்பார், முதல் விருந்தாளி வருவதற்குள் வாசனை போய்விட வேண்டுமே என்று ஜன்னல்களைத் திறந்து வைப்பார். "தங்குகிறவர்கள் சமைக்கிற ஆவி, குளிக்கிற ஆவி, அதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்றார் ஒருமுறை. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஆவிதான் காரணம் என்றால் குளியலறைப் பக்கச் சுவர் அல்லவா முதலில் கறுக்க வேண்டும்? கறுத்திருந்ததோ கடலைப் பார்த்த சுவர்.

நான் தொழில்முறை மேஸ்திரி இல்லை. கிளாஸ்கோவில் நாங்கள் குடியிருக்கும் பழைய மணற்கல் கட்டிடத்தின் பின்சுவரைச் சரிசெய்தபோது, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு மேஸ்திரிக்கு இரண்டு மாதம் சனி ஞாயிறுகளில் சித்தாளாக நின்றேன். தெரிந்ததெல்லாம் அங்கே கற்றதுதான்.

அந்த மே மாதத்துக்கு முந்தின அக்டோபரில் மூன்று நாள் போய் முதலில் நோயைப் பார்த்தோம். என்னோடு வந்தது மனைவியின் தம்பி. படுக்கையறையின் உட்புறம் சுவரை மறைத்துப் பைன் பலகை அடித்திருக்கிறது, அந்தப் பக்கத்து வீடுகளில் இது வழக்கம். அறைக்குள் ஈரப்பதமானி 58 சதவீதம் காட்டியது. மோசமில்லை. கீழ்ப்பலகை மூன்றைக் கழற்றி, அதே கருவியைப் பலகைக்குப் பின்னால் வைத்து ஒரு மணி நேரம் விட்டோம். 93. பலகையைத் தாங்கும் மரச்சட்டங்களின் அடிப்பாகம் ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. "அத்தான், இது சமையல் ஆவி இல்ல. சுவரே ஊறிப்போய்க் கிடக்கு" என்றான். சரிதான். ஈரம் வெளியிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

வெளியே போய்ப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் அந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

டைரீ ஏறக்குறைய 19 கிலோமீட்டர் நீளம். தட்டையான தீவு. மிக உயரமான பென் ஹைனிஷ் குன்றே 141 மீட்டர்தான். சுமார் 650 பேர் வாழ்கிறார்கள். மரம் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. அதனால் அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்றுக்குத் தடையே கிடையாது. மே மாதத்தில் பிரிட்டனிலேயே அதிக வெயில் பெறும் இடங்களில் ஒன்று, அதே தீவு குளிர்காலத்தில் புயலுக்குப் பேர் போனது. மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வந்து சுவரில் அறைகிறது. அடியில் இருப்பது லூயிசியன் நைஸ் என்னும் மிகப் பழைய, மிகக் கடினமான பாறை. 1838 முதல் 1844 வரை ஆலன் ஸ்டீவன்சன் கட்டிய ஸ்கெரிவோர் கலங்கரை விளக்கத்துக்கு முதலில் இந்தத் தீவின் கல்லைத்தான் எடுத்தார்கள். செதுக்க முடியாத அளவுக்குக் கடினமாக இருந்ததால், பிறகு மல் தீவிலிருந்து கிரானைட் கொண்டுவந்தார்கள். நாங்கள் கை வைத்த சுவரும் அந்த நைஸ் கல்லில் எழுப்பியதுதான்.

அந்தக் கல் தண்ணீரைக் குடிக்காது. மணற்கல்லாக இருந்தால் மழையைக் கொஞ்சம் உறிஞ்சி வெயில் வந்ததும் விட்டுவிடும். நைஸில் விழும் தண்ணீர் அப்படியே வழிந்து கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இடுக்குக்குப் போகிறது. ஆக இந்தச் சுவருக்கு மூச்சு விட இருக்கிற ஒரே வழி இடுக்கில் இருக்கும் கலவைதான். பழைய காலத்தில் அது சுண்ணாம்பு. மழையில் நனையும், காற்றில் உலரும். 1980களில் யாரோ நல்லெண்ணத்தோடு இடுக்குகளை எல்லாம் சுரண்டிவிட்டு, கெட்டியான சிமென்ட் கலவையால் அடைத்து, மேலே பிளாஸ்டிக் கலந்த வெளிச்சுவர் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சிமென்ட் கல்லோடு சேர்ந்து அசைவதில்லை. கோடையிலும் குளிரிலும் சுவர் துளி அசைந்தாலும் கல்லின் விளிம்பில் முடி அளவு விரிசல் விழுகிறது. முடி அளவு விரிசல் தண்ணீரை உறிஞ்சி இழுப்பதில் பெரிய ஓட்டையைவிட மோசம். காற்று வேறு அழுத்துகிறது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, சிமென்ட்டும் பெயின்ட்டும் மூடிக்கொண்டிருக்கின்றன. 65 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவர், நடுவில் சிறு கற்களும் மண்ணும் நிரப்பியது. நாற்பது வருடம் அந்த நடுப்பகுதி தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர் வெளியேற எஞ்சியிருந்த ஒரே பக்கம் படுக்கையறை.

ஒவ்வொரு வருடமும் அந்த அம்மா உட்பக்கம் தண்ணீர் புகாத பெயின்ட்டும் அடித்திருந்தார். அதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடையில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. பல வருடமாகக் காற்று கொண்டுவந்த மணலும், பாதைக்குக் கொட்டிய சரளையும் சேர்ந்து, வெளித்தரை உள்தரையைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது. சுவரின் கால் எப்போதும் ஈர மண்ணில்.

ஈரப்பதமானியை அந்த அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தோம். குளிர்காலம் முழுக்க வாரம் ஒருமுறை எண்ணைக் குறித்து அனுப்பினார். ஜனவரியில் 95 வரை போனது.

சுவரின் அளவு 5.5 மீட்டர் அகலம், கூரை விளிம்பு வரை 2.4 மீட்டர், அதற்கு மேல் உச்சி வரை முக்கோணம். மொத்தம் சுமார் 19 சதுர மீட்டர். ஆழமான இடுக்குகள் என்பதால் சதுர மீட்டருக்கு 30 கிலோ கலவை வரும் என்று கணக்கிட்டேன். நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு, என்.எச்.எல். 3.5 என்ற வகை, 25 கிலோ மூட்டை ஐந்து. மணல் 25 கிலோ மூட்டை இருபது. 3.5 என்பது 28 நாளில் அது அடையும் குறைந்தபட்ச அழுத்த வலிமையைக் காட்டும் எண், எண் கூடினால் கெட்டியும் கூடும். கடலோரத்துக்கு 5 போடு என்று சொல்கிறவர்களும் உண்டு. புகைபோக்கியின் உச்சிக்கு என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். சுவருக்கு 3.5 போதும் என்பது என் எண்ணம். நாம் ஓடிவந்ததே அளவுக்கு மீறிய கெட்டியிடமிருந்துதானே?

தீவே மணலாக இருக்கும்போது மணலை ஏன் கப்பலில் கொண்டுபோகிறீர்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஓதத்தைப் போக்கப் போய் நாமே விலைக்கு வாங்கி வைத்த மாதிரி ஆகும். அதோடு அந்த மணல்தான் தீவின் உயிர். சிப்பிகள் பொடிந்த வெள்ளை மணல், காற்றில் உள்ளே பறந்து படிந்து, மாகர் என்று கேலிக் மொழியில் சொல்லும் பூத்த புல்வெளியாகிறது. அதை வாளியில் அள்ளக் கூடாது.

வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு ஓபன் துறைமுகம் போனால், காற்று அதிகம் என்று அன்றைய கப்பல் ரத்து. மறுநாள் கிளம்பினோம். கோல் தீவு வழியாக ஏறக்குறைய 4 மணி நேரம். அதிலேயே ஒரு நாள் போனது. தீவு வேலைக்குத் திட்டம் போடுகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு உளி மறந்தாலும் அடுத்த கப்பல் வரை காத்திருப்புதான்.

முதல் ஆறு நாளும் சிமென்ட்டைக் கொத்தி எடுப்பதிலேயே போயின. இயந்திர அரம் வைத்தால் வேகமாகப் போகும், ஆனால் கல்லின் விளிம்பைக் கீறிவிடும். அதனால் சுத்தியலும் மெல்லிய உளியும்தான். இடுக்கு எவ்வளவு அகலமோ அதைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்காவது எடுக்க வேண்டும். ஒரு நல்ல செய்தி: சிமென்ட் கல்லை ஒட்டிப் பிடித்திருக்கவில்லை. விரிசல் தெரிந்த இடத்தில் உளியை வைத்துத் தட்டினால் கையளவு துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. ஒவ்வொரு துண்டின் பின்புறமும் ஈரம் மின்னியது. இரண்டு பேர், ஒரு நாளைக்கு மூன்று சதுர மீட்டர், நல்ல நாளில் நான்கு. பக்கத்து வீட்டுக்காரர் அலுமினியச் சாரம் கொடுத்தார், கூடவே அதைக் கட்டக் கயிறும் கொடுத்து, "கட்டாமல் ஏறாதே" என்று இரண்டு தடவை சொன்னார். மே மாதத்தில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம். சாப்பிட்ட பிறகும் ஏறினோம். இருட்டியதும் வயலில் கார்ன்கிரேக் பறவை கத்தத் தொடங்கும். சீப்பின் பல்லை விரல் நகத்தால் இழுத்தது போன்ற குரல். பிரிட்டனில் மிக அரிதாகிவிட்ட பறவை, இந்தத் தீவிலோ தூக்கம் கலைக்கும் அளவுக்கு இருக்கிறது. எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

ஐந்தாம் நாள், சிமென்ட்டுக்கும் பின்னால் ஆழத்தில் பழைய கலவை தென்பட்டது. விரலில் தேய்த்தால் உதிர்ந்தது, ஆனால் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. அதற்குள் சிப்பித் துண்டுகள். மச்சினன் ஒன்றை எடுத்துக் கழுவிப் பார்த்தான், முழு நத்தைக் கூடு, சுண்டு விரல் நகம் அளவு. இந்தச் சுவரை முதலில் கட்டியவர்கள் கடற்கரை மணலையே போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு மணல் ஏது? உப்பு இருந்தும் அது நூறு வருடத்துக்கு மேல் நின்றது, ஏனென்றால் வந்த ஈரம் போக வழி இருந்தது.

ஏழாம் நாள் முதல் கலவை. கொள்ளளவில் சுண்ணாம்பு ஒன்று, கரகரப்பான மணல் இரண்டரை. தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். பத்து நிமிடம் கலந்ததும் காய்ந்திருப்பது போலத் தோன்றும், அங்கேதான் கை நீளும், இன்னும் ஒரு குவளை ஊற்றிவிடுவோம். ஊற்றக் கூடாது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி கலந்தால் தானாகக் குழைந்து வரும். கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும்.

சுவரை நன்றாக நனைத்து, இடுக்கில் கலவையைத் திணித்து, அகலமான இடங்களில் கல்சில்லுகளை வைத்து அடித்து இறுக்கினோம். எல்லாவற்றையும் கலவையாலேயே நிரப்பினால் காயும்போது சுருங்கி வெடிக்கும், சில்லு வைத்தால் வெடிக்காது. ஒரு தடவைக்கு இரண்டரை சென்டிமீட்டர் ஆழம், அதற்கு மேல் வேண்டுமென்றால் மறுநாள் இன்னொரு தடவை. அன்று சாயங்காலத்துக்குள் நான்கு சதுர மீட்டர் முடித்தோம். நல்ல வெயில், இதமான காற்று. கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டுவிட்டுத் தூங்கப் போனோம்.

காலையில் சாக்குகளில் இரண்டு வேலிக் கம்பியில் கிடந்தன. மீதி உலர்ந்து விறைத்துப் போயிருந்தன. கலவையின் மேல் விரலை வைத்துத் தேய்த்தால் மாவாக வந்தது, ஓரங்களில் விரிசல். கிளாஸ்கோவில் நான் பழகியது முற்றத்துக்குள் இருக்கும் சுவர், நிழலும் ஈரக் காற்றும். இங்கே வெயிலைவிடக் காற்று வேகமாக உலர்த்துகிறது. சுண்ணாம்பு முதலில் தண்ணீரோடு சேர்ந்து இறுகி, பிறகு மாதக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்லக் கல்லாகிறது. இரண்டுக்குமே ஈரம் வேண்டும். தண்ணீர் ஒரே இரவில் பறந்துவிட்டால் வேதியியல் பாதியில் நின்றுவிடும். பிறகு நனைத்தாலும் பழைய வலிமை வராது.

நான்கு சதுர மீட்டரையும் சுரண்டி எடுத்தோம். "மாப்ளே, இதை விட்டு வெச்சா அடுத்த குளிருக்கே கொட்டிப்போகும்" என்று சொல்லும்போது எனக்கே மனசு கனத்தது. அவன் பதில் சொல்லாமல் உளியை எடுத்தான். சுரண்டி எடுக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது, கலவை அவ்வளவு பலவீனம்.

அடுத்த தடவை செய்த மாற்றங்கள் இவை. சாரத்தின் வெளிப்பக்கம் முழுக்க வலைத் துணி கட்டிக் காற்றை உடைத்தோம். சாக்கை இரண்டு அடுக்காக்கி, மேலே கூரை விளிம்புச் சட்டத்திலும் கீழே கல் வைத்த பலகையிலும் கட்டினோம். முந்தின நாள் இரவே சுவரை நனைத்து, காலையில் மறுபடி நனைத்தோம். ஒரு நாளைக்கு நான்கு சதுர மீட்டர் என்பதை மூன்றாகக் குறைத்து, வேலையைப் பிற்பகல் வெயிலை விட்டுக் காலை நிழலுக்கு மாற்றினோம், மேற்குச் சுவருக்கு மதியம் வரை வெயில் வராது. முதல் நான்கு நாள் காலையும் மதியமும் இரவும் தெளிப்பானால் தண்ணீர் அடித்தோம். மறுநாள் கட்டை விரல் பதியாத, ஆனால் நகம் கீறும் பதத்தில், விறைப்பான தூரிகையின் நுனியால் குத்திக் குத்தி அழுத்த வேண்டும். இதுதான் முக்கியமான கட்டம். சிறு சுருக்க விரிசல்கள் மூடிக்கொள்கின்றன, மேற்பரப்பு சொரசொரப்பாகி உலர்வதற்குப் பரப்பு கூடுகிறது. கரண்டியால் வழவழவென்று தேய்த்தால் பார்க்க அழகு, ஆனால் சுண்ணாம்புப் பால் மேலே வந்து தோல் கட்டிவிடும்.

இரவில் 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு வேலை செய்யக் கூடாது. மே மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் காரணம். ஒரே ஒரு இரவு 6 வரை இறங்கியது, சாக்கின் மேல் பழைய கம்பளிகளைப் போர்த்தினோம்.

இடையில் மழை பெய்த ஒன்றரை நாளில் சுவரின் கால் பக்கம் முப்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓடை வெட்டி, உள்தரைக்கு ஒரு சாண் கீழே வரை இறக்கி, சரளை நிரப்பி, சரிவு கொடுத்து வயல் பக்கம் விட்டோம். துருப்பிடித்த மழைநீர்க் குழாயையும் மாற்றியாயிற்று.

உள்ளே வேலை சீக்கிரம் முடிந்தது. இற்ற சட்டங்களை வெட்டி எடுத்துப் புதுச் சட்டம், பலகைக்குக் கீழும் மேலும் விரல் அகல இடைவெளி, காற்று பின்னால் ஏறி வெளியேற. மூடிக் கிடந்த புகைபோக்கிக்கு அடியில் ஒரு காற்றுத் துளைத் தகடு, உச்சியில் தொப்பி. ஸ்காட்லாந்தில் விடுமுறை வீடுகளுக்கு இப்போது உரிமம் வேண்டும், அதனால் ஒன்றோடொன்று இணைந்த புகை எச்சரிக்கைக் கருவிகளையும், சமையலறை வெப்பக் கருவியையும், கணப்பு அடுப்பு அருகே இருக்கும் கார்பன் மோனாக்சைடு கருவியையும் சோதித்துப் பார்த்தோம். வெந்நீர்த் தொட்டி 50 டிகிரியில் இருந்தது, 60க்கு ஏற்றினோம். குளிர்காலத்தில் ஆளில்லாமல் கிடக்கும் வீட்டில் அது முக்கியம், குழாயில் தேங்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

கடைசி நாள் வெள்ளையடிப்பு. டைரீயில் சில வீடுகளைப் புள்ளி வீடுகள் என்பார்கள். கல்லைக் கறுப்பாகவே விட்டு இடுக்குகளை மட்டும் வெள்ளையாக்குவது அந்தத் தீவின் வழக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இந்த வீடும் அப்படித்தான் இருந்தது, ஆனால் வெள்ளை பிளாஸ்டிக் பெயின்ட். "புள்ளி போய்விடக் கூடாது, என் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது" என்பது ஒன்றுதான் அந்த அம்மா வைத்த நிபந்தனை. சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, இடுக்கை நனைத்து, சின்னத் தூரிகையால் மெல்லிய பூச்சு. அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, கண்ணாடி மாதிரி இருக்கும், காயக் காயத்தான் வெளுக்கும். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்த அனுபவம் இருப்பவர்களுக்கு அந்த வாசனையும் அந்தக் காத்திருப்பும் தெரிந்திருக்கும். இரண்டு பூச்சு நாங்கள் அடித்தோம். மீதி மூன்றை ஜூன் மாதத்தில் வீட்டுக்கார அம்மாவே முடித்தார், கைக்கெட்டும் உயரம் வரை அவர், அதற்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர்.

ஐந்து மூட்டைச் சுண்ணாம்பும் தீர்ந்தது. அந்த நான்கு சதுர மீட்டர் வீணாகாமல் இருந்திருந்தால் ஒரு மூட்டை மிஞ்சியிருக்கும்.

பலகைக்குப் பின்னால் ஈரப்பதமானி இன்னும் இருக்கிறது. ஆகஸ்டில் 84. அக்டோபரில் 80. இந்த ஜனவரியில், மூன்று புயலுக்குப் பிறகும், 78. போன ஜனவரியில் இதே இடத்தில் 95. நாற்பது வருட ஈரம், முழுக்க உலர இன்னும் ஒரு கோடையாவது வேண்டும். உட்பக்க மூலையில் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வடக்குச் சுவரில் ஜன்னலுக்குக் கீழேயும் அதே சிமென்ட் இருக்கிறது. வீட்டுக்கார அம்மா இந்த மே மாதத்தின் முதல் இரண்டு வாரத்தை யாருக்கும் கொடுக்காமல் நாட்காட்டியில் அடித்து வைத்திருக்கிறார். வலைத் துணியை இந்த முறை முதல் நாளே கட்டிவிடுவோம்.